கெபாசிட்டரின் உயரம்

புதிய போர்டு வந்தால் அதற்குப் பூச்சுப் பாதை அமைக்க என்னைவிட்டால் ஆளில்லை என்று எங்கள் ஆலையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பெண்ணின் உழைப்பைக் கெடுத்தேன். அறியாமல் அல்ல, தெரிந்தே.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், வாகனங்களுக்கான கன்ட்ரோல் போர்டுகள் செய்கிறோம். ஈரம் தாக்காமலிருக்க அவற்றின்மேல் அக்ரிலிக் பூச்சு. காய்ந்த பிறகு அதன் தடிமன் 0.03 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கனெக்டருக்குள் வழிந்துவிட்டால் மின் தொடர்பே கெட்டுப்போகும். பூசுவது ரோபோ. எங்கே வால்வைத் திறப்பது, எங்கே மூடுவது என்று அதற்குச் சொல்லித்தருவது நான். ரோபோவை இயக்கும் டீச் பென்டன்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாசிலைப் புள்ளி புள்ளியாக நகர்த்திப் பதிவு செய்வேன். அது முடியும்வரை லைன் நிற்கும். விட்டுப்போன உற்பத்தியை ஆபரேட்டர்கள் ஷிப்ட் முடிந்தும் நின்று ஈடுகட்டுவார்கள்.

இதற்கு மாற்று மிஷினோடே வந்திருந்தது. ஆஃப்லைன் மென்பொருளில் போர்டின் வரைபடமான கெர்பர் ஃபைலைத் திறந்து மேசையிலிருந்தே பாதையை வரையலாம். மிஷின் அந்நேரம் வேறு போர்டை ஓட்டிக்கொண்டிருக்கும். போர்டிலுள்ள ஃபிடூசியல் புள்ளிகளைக் கேமரா பார்த்து, வரைந்த பாதையைச் சரியான இடத்தில் பொருத்திக்கொள்ளும். ஸ்க்ரீனை நம்ப முடியாது என்று மேலாளரிடம் சொல்லிச் சொல்லியே அதைத் தள்ளிவைத்திருந்தேன். போர்டு வளையும், வால்வு ஒரு கணம் தாமதமாகத் திறக்கும் என்று காரணம் அடுக்குவேன். எல்லாம் உண்மைதான். எல்லாவற்றையும் அளந்து சரிசெய்யலாம் என்ற மீதி உண்மையை மட்டும் சொன்னதில்லை.

பயிற்சிக்கு வந்த ஓர் இளம் பொறியாளர் தானாகவே அந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டார். முதல் புரோகிராமை எழுதும்போது என்னிடம் வந்து கேட்டார்: "சார், பார்ட்ஸ் ஃபைல்ல எக்ஸ், ஒய் இருக்கு. உயரம் இல்லையே, எதை எடுத்துக்கறது?"

"லைப்ரரில இருக்கிறதையே வெச்சுக்கோம்மா."

லைப்ரரியில் இருந்தது பழைய கெபாசிட்டரின் உயரம். பர்ச்சேஸில் அதை மாற்றிவிட்டார்கள். புதியது உயரம் கூடியது. இது எனக்குத் தெரியும். வெர்னியரை எடுத்து ஒரு முறை வைத்துப் பார் என்று சொல்ல ஒரு வாய்ச்சொல் போதும். சொல்லவில்லை.

வால்வை மூடிவைத்து ஓட்டிப் பார்த்தபோது நாசில் நேரே போய் அந்தக் கெபாசிட்டரில் மோதியது. கெபாசிட்டர் காலோடு பெயர்ந்தது, நாசில் வளைந்தது. மேலாளர் என்னைப் பார்த்தார். "புரோகிராம் தப்பு" என்றேன். சார் சொன்னதை வைத்துத்தான் செய்தேன் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கலாம். "நான்தான் சார் அளந்து பார்த்திருக்கணும்" என்றார். அந்த நொடியிலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அறிக்கையில் அவர் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆஃப்லைன் முயற்சி அதோடு நின்றது. பயிற்சி முடிந்ததும் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

போர்டு வகைகள் பெருகி, லைன் நிற்பது தாங்காமல் போனபோது மேலாளர் அதே ஆஃப்லைன் வேலையை என்னிடமே கொடுத்தார். அந்தப் பெண்ணின் ஃபோல்டரைத் திறந்தேன். கேமராவுக்கும் நாசிலுக்கும் உள்ள இடைவெளி, வால்வுத் தாமதத்துக்கான ஈடு, பூச்சே படக்கூடாத இடங்கள் என எல்லாம் ஒழுங்காக இருந்தன. நான் மாற்றியது கெபாசிட்டரின் உயரத்தை மட்டும். பிறகு ஒரு போர்டில் பூசி யூவி விளக்கில் பிடித்துப் பார்த்தேன். பூச்சு நீலமாக ஒளிர்ந்தது. கனெக்டர் சுத்தமாக இருந்தது. சுற்றி நின்றவர்கள் என்னைப் பாராட்டினார்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

பழைய அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் இன்னும் அந்தப் பெண்ணின் பேர்தான் இருக்கிறது. நடந்ததை எழுதி மேலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் இன்னும் பேசவில்லை.