யாரும் குடியிருக்காத டவுன்ஷிப்

சென்னைக்குப் போய்ச் சினிமா பார்க்கலாம். சினிமா எடுக்கும் இடத்தைப் பார்ப்பது கஷ்டம். ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று நட்சத்திர ஓட்டல் நிற்கிறது. பெயர் மட்டும் மேம்பாலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆசியாவிலேயே பெரியது என்று ஒரு காலத்தில் பேசப்பட்ட விஜயா - வாஹினி, மருத்துவமனையாகவும் மாலாகவும் ஆகிவிட்டது. ஏவி.எம். ஒன்றுதான் 2023-ல் வடபழனி வளாகத்தில் அருங்காட்சியகம் திறந்து, பழைய கேமராக்களையும் கார்களையும் வைத்திருக்கிறது. தரமணியில் 1990-களில் வந்த திரைப்பட நகரம் சுற்றுலாத் தலமாக நிலைக்கவில்லை. ஆகவே, சினிமா ஊர் ஒன்றை உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் நெய்வேலியிலிருந்து ஐதராபாத்துக்குக் கிளம்பினோம். துணைக்குச் சித்தப்பா. எங்கள் ஊர்ப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்றவர். எதைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று கேட்காமல் விடமாட்டார்.

சார்மினார் எக்ஸ்பிரஸில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் டோர்னக்கல் சந்திப்பு வந்தது. சித்தப்பா என்னைத் தட்டி எழுப்பினார். “இங்கிருந்துதான்டா கொத்தகூடத்துக்கு லைன் பிரியுது. சிங்கரேணி நிலக்கரிக் கம்பெனிக்காரன் ஊரு. அவனோடது கருப்பு, நம்மளோடது பழுப்பு.” இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் ஜன்னலை விட்டு அவர் நகரவில்லை.

விடிந்த பிறகு தெரிந்தது பாறை. நெய்வேலியில் வளர்ந்தவனுக்குப் பாறை பழக்கமே இல்லை. நம் பக்கம் செம்மண், முந்திரிக்காடு, தோண்டிக் கொட்டிய மேல்மண் மேடுகள், அவ்வளவுதான். தக்காணத்தில் வீடு உயரக் கருங்கற்கள், தள்ளினால் உருண்டுவிடும் போல, ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் வயதை 250 கோடி ஆண்டு என்று கணக்கிடுகிறார்கள். இந்தக் கற்களுக்கு நடுவில்தான், விஜயவாடா நெடுஞ்சாலையில் நகரைத் தாண்டி, ராமோஜி ராவ் 1996-ல் தன் திரைப்பட நகரத்தைத் தொடங்கினார். சீட்டு நிறுவனமும் ஊறுகாய்க் கம்பெனியும் ‘ஈநாடு’ பத்திரிகையும் நடத்திய மனிதர். சுதா சந்திரன் நடித்த ‘மயூரி’யைத் தயாரித்தவர். அவருடைய இந்த நகரம் உலகிலேயே பெரிய படப்பிடிப்பு வளாகம் என்று கின்னஸில் பதிவாகியிருக்கிறது. பரப்பை 1,666 ஏக்கர் என்றும் 2,000 ஏக்கர் என்றும் சொல்கிறார்கள். 2024 ஜூன் 8 அன்று ராமோஜி ராவ் காலமானார்.

வாசலில் சீட்டு வாங்கினால் அவர்கள் பேருந்திலேயே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அகலமான சாலை, வரிசை மரங்கள், எங்கே திரும்பினாலும் நிறுவனத்தின் பெயர், சீருடைக் காவலர்கள். “என்னடா இது, நம்ம டவுன்ஷிப் மாதிரியே இருக்கு” என்றார் சித்தப்பா. எனக்கும் அதுவேதான் தோன்றியது. வட்டம் வட்டமாகப் பிரித்து, குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, கடைவீதி எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் கட்டிக் கொடுத்த ஊர் நெய்வேலி. இங்கேயும் மருத்துவமனை, சிறைச்சாலை, ரயில் நிலையம், விமான நிலையம், கோயில், லண்டன் தெரு என்று ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் கட்டியிருக்கிறது. ஆனால் அந்த வீடுகளில் எவரும் குடியில்லை. ஒரு கட்டடத்துக்கு முன்பக்கம் ஒரு முகம், பக்கவாட்டில் வேறு முகம். பெயர்ப்பலகையை மாற்றினால் ஊரே மாறிவிடும். ரயில் நிலையத்தில் எந்த ஊர்ப் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். கதையோடு வரும் தயாரிப்பாளர் முடிந்த படத்தோடு திரும்பலாம் என்பதுதான் இதன் தொழில் கணக்கு. தங்க ஓட்டல், ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என எல்லாம் வேலிக்குள்ளேயே கிடைக்கின்றன.

மகிழ்மதி அரண்மனைக்கு முன்னால் கூட்டம் அதிகம். ‘பாகுபலி’யின் இரண்டு பாகங்களுக்காகவும் சாபு சிரில் வடிவமைத்த அரங்குகளில் மிச்சமிருப்பதைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். சித்தப்பா ஒரு தூணை விரலால் சுண்டிப் பார்த்தார். டொக்கென்று வெற்று ஓசை வந்தது. “உள்ளே காத்துதான்” என்று சிரித்தவர், பத்தடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்துவிட்டு அமைதியானார். தூரத்திலிருந்து அது கல்லேதான்.

பூங்காக்களையும் பட்டாம்பூச்சித் தோட்டத்தையும் ஆட்டபாட்ட நிகழ்ச்சிகளையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேற்கத்திய கௌபாய் சண்டைக் காட்சி குழந்தைகளுக்குப் பிடிக்கும். நான் அசந்து போனது ‘மூவி மேஜிக்’ அரங்கில்தான். ‘ஷோலே’யில் ஹேமமாலினி குதிரைவண்டி ஓட்டும் துரத்தல் காட்சியை அங்கே நம் கண்ணெதிரில் எடுக்கிறார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்தார்கள். எங்களுக்கு நான்கு வரிசை முன்னால் இருந்த கல்லூரி மாணவி, கூச்சத்தோடு மேடையேறினாள். குதிரை கிடையாது, சாலை கிடையாது. நின்ற இடத்திலேயே ஆடும் வண்டி மட்டும் உண்டு. சவுக்கைச் சுழற்று, பயந்த மாதிரி திரும்பிப் பார் என்று ஒருவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. அடுத்த அறையில் குளம்பொலி, சக்கரத்தின் கடகடப்பு போன்ற ஓசைகளைப் பார்வையாளர்களையே எழுப்பச் சொன்னார்கள். கடைசி அறையில் திரையில் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டினார்கள். ஓடும் சாலையும், துரத்தும் கொள்ளைக்காரர்களும், நடுவே அந்தப் பெண்ணும். சிரித்த அத்தனை பேரும் கைதட்டினோம். பொய் எப்படிச் செய்யப்படுகிறது என்று படிப்படியாகக் காட்டிய பிறகும் அதை நம்ப வைப்பது சாதாரண வித்தை அல்ல. அதைக் காசு வாங்கிக் கொண்டு கற்றுத் தருகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

நகரத்துக்குள் வந்தால் உசேன் சாகர் கரையில் பிரசாத்ஸ் திரையரங்கு. 2003-ல் ஐமாக்ஸாகத் திறந்தது, இன்றும் பிரம்மாண்டத் திரை. இதை நடத்தும் குடும்பத்தின் மூத்தவர் எல்.வி.பிரசாத் நமக்கு அந்நியர் அல்ல. இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’விலும், தமிழின் முதல் பேசும் படம் என்று நாம் கொண்டாடும் 1931-ன் ‘காளிதாஸ்’ படத்திலும், தெலுங்கின் ‘பக்த பிரகலாதா’விலும் நடித்தவர். ‘மனோகரா’வையும் ‘மிஸ்ஸியம்மா’வையும் இயக்கியவர். சாலிகிராமத்துப் பிரசாத் ஸ்டூடியோ அவர் தொடங்கியது. தெலுங்கு சினிமா நெடுங்காலம் மதராஸில்தான் வளர்ந்தது. நடிகர் நாகேஸ்வர ராவ் 1970-களில் பஞ்சாரா ஹில்ஸில் அன்னபூர்ணா ஸ்டூடியோவைக் கட்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஜாகை மாறியது. அவர்கள் எடுத்துப் போனதில் பாதி நம் கோடம்பாக்கத்து அனுபவம் என்று சொன்னால் ஐதராபாத்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என நினைக்கிறேன்.

ஆர்.டி.சி. கிராஸ் ரோட்ஸில் தேவி, சுதர்சன், சந்தியா என்று ஒற்றைத் திரை அரங்குகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மால் திரையில் கிடைக்காத விசிலும் காகிதப் பூவும் அங்கே உண்டு. இதே சந்தியாவில்தான் 2024 டிசம்பரில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சிக்கு வந்த கூட்டத்தின் நெரிசலில் ஒரு பெண் இறந்துபோனார். அந்த வாசலைக் கடக்கும்போது அது நினைவுக்கு வராமல் போகாது.

ஓட்டலுக்குத் திரும்பும் ஆட்டோவில் சித்தப்பா கேட்டார்: “இத்தனை செட்டு போடத் தெரிஞ்சவனுங்க, நம்ம சுரங்கத்தை எதுக்குடா தேடி வந்தானுங்க?” நியாயமான கேள்வி. 2020 பிப்ரவரியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு நெய்வேலிச் சுரங்கத்தில் நடந்தது. வாசலில் திரண்ட கூட்டத்தோடு விஜய் வேன் மேல் ஏறி எடுத்த செல்ஃபி, அந்த ஆண்டில் இந்தியத் திரை நட்சத்திரங்களின் பதிவுகளிலேயே ட்விட்டரில் அதிகம் பகிரப்பட்டது. ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்றி, 1957-ல் நேரு தொடங்கி வைத்ததிலிருந்து தோண்டிக்கொண்டே இருக்கும் பள்ளங்களில் ஒன்று அது. அதற்காகக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த ஆழத்தை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்ய முடியாது. நான் இப்படிச் சொன்னதும், “அப்போ நாங்க வெட்டினது செட்டுன்னு சொல்லு” என்றார் சித்தப்பா.

பூந்தமல்லிக்கு அருகே 500 கோடி ரூபாயில் நவீன திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு 2024 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறது. கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: படப்பிடிப்புத் தளங்களோடு நிறுத்தாமல், சீட்டு வாங்கி வருகிறவர்களுக்கும் ஒரு வாசல் வையுங்கள். அந்த வாசலுக்குள் நடிகர்களின் மெழுகுச் சிலைகளை நிறுத்துவதைவிட, ஒலி சேர்ப்பவர், அரங்கு அமைப்பவர், விளக்குப் பிடிப்பவர் செய்யும் வேலையைக் காட்டினால் போதும். அதுவரை ராமோஜிதான் கதி. நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் போங்கள். கோடையில் அந்தப் பாறைகள் கொதிக்கும். காலையில் வாசல் திறந்ததும் நுழைந்து, முதல் வேலையாக ‘மூவி மேஜிக்’ அரங்குக்குப் போய்விடுங்கள். மகிழ்மதி மதியத்துக்கு மேலும் அங்கேயேதான் இருக்கும்.