முள் சொல்லும் பொய்

ஜனவரியில் தில்லிக்குப் போகிறவர்கள் கையுறை வாங்குவார்கள். அங்கே வேலை பார்க்கும் என் நண்பரோ வண்டியின் கைப்பிடியையே சூடாக்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். வைத்திருப்பது பழைய புல்லட். "கரோல்பாக்கில் ஒரு உஸ்தாத் இருக்கிறார், வாருங்கள், உங்களுக்கும் எழுத ஏதாவது அகப்படும்" என்று பின்னால் ஏற்றிக்கொண்டார். காலையில் 5 டிகிரி. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் அது உடம்புக்கு மைனஸ் 2 போல உறைக்கும் என்பது கணக்கு. எனக்காவது அவர் முதுகு மறைப்பாக இருந்தது. இரண்டு சிக்னலில் கிளட்சைப் பிடிக்க விரல் மடங்காமல் வண்டியை அணைத்துவிட்டார்.

நாயிவாலா சந்து முழுக்க புல்லட் சாமான்கள். சைலன்சர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. இந்த வண்டியின் தாய்வீடு நம் திருவொற்றியூர்தானே என்று எனக்கு ஒரு அற்பப் பெருமை. ராணுவம் எல்லைக் காவலுக்கு வண்டி கேட்க, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. வியர்வை ஊரில் பிறந்து பனிக்குப் போன வண்டி.

உஸ்தாதுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். முன்னால் பளபளவென்று கடை. அதன் பக்கவாட்டு நடைபாதையில் ஒரு சாக்கு, ஒரு டப்பா, சோட்டு என்று கூப்பிடப்படும் ஒரு பையன். இதுதான் பட்டறை. பழைய ரப்பர் பிடியைக் கத்தியால் நீளவாட்டில் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரித்தார். வலது பக்கம் ஆக்ஸிலேட்டரின் பிளாஸ்டிக் குழாயில் வரிவரியாக மேடு. புதுப் பிடி அதன்மேல் ஏறாது. அரம் போட்டுத் தேய்த்தார், விரலால் தடவினார், மறுபடி தேய்த்தார். பசை போடும்போது மட்டும் பேச்சை நிறுத்தினார். ஒரு சொட்டு உள்ளே இறங்கினால் குழாய் ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொள்ளும்; முறுக்கியது திரும்பாது. ஏற்றி முடித்ததும் முறுக்கி விட்டார். டப்பென்று திரும்பியது. அப்புறம்தான் சிரித்தார்.

வலது பிடியின் ஒயர் முறுக்கும்போதெல்லாம் கூடவே அசையும். அதனால் ஒரு வளையம் தளர்வாக விட்டு, ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி இழுபடுகிறதா என்று பார்த்தார். ரிலே என்கிற சின்னப் பெட்டியின் கால்களில் எது எதற்கு என்று இரண்டு தடவை சொன்னார், எனக்கு ஏறவில்லை. சாவியை எடுத்தால் சூடும் நிற்க வேண்டும், அதற்காக என்ற அளவில் விட்டுவிட்டேன்.

எனக்குப் பிடித்துப்போனது ஆம்பியர் மீட்டர். பழைய புல்லட்டின் ஹெட்லைட் தலைமேல் ரூபாய்க் காசு அளவில் இருக்குமே, அது. உஸ்தாத் மொராதாபாத்திலிருந்து பன்னிரண்டு வயதில் இங்கே வந்தவர். முதல் பாடமே இந்த முள்தான். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, முள் நடுவில் வந்து நிற்கிற இடம் பார்த்து உதைக்க வேண்டும். தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் தழும்பைக் காட்டினார். "பள்ளிக்கூடத்துல கடிகாரம் பார்க்கச் சொல்லித் தருவாங்க. எனக்கு இதைச் சொல்லித் தந்தாங்க."

பிடிகள் முழுச் சூட்டில் சுமார் 4 ஆம்பியர் தின்னும்; இன்னொரு ஹெட்லைட் எரிவதற்குச் சமம். எல்லோரும் ஒயரை நேராக பேட்டரியில் மாட்டிவிடுகிறார்கள் என்றார். மாட்டினால் என்ன?

"முள் பொய் சொல்லும், பாயி சாப்."

பேட்டரிக்குள் போவதையும் அதிலிருந்து வெளியே வருவதையும் அளக்கத்தான் முள் நடுவில் நிற்கிறது. பிடியின் ஒயர் பேட்டரியிலேயே தொங்கினால், பிடி தின்கிற கரண்டும் முள்ளைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். பேட்டரியில் ஏறுகிற மாதிரியே பிளஸ் காட்டும். நிறைகிறது என்று நம்பி ஓட்டுவோம், உள்ளே காலியாகிக்கொண்டிருக்கும். அதனால் மீட்டரின் மறு முனையிலிருந்து ஃப்யூஸ் போட்டு எடுத்தார். வண்டி சும்மா நின்று ஓடும்போது முள் மைனஸில் சாய்ந்தது. முறுக்கியதும் நடுவுக்கு ஏறியது. "சிக்னல்ல நின்னா சூட்டைக் குறைச்சிடணும்" என்று நண்பரிடம் மூன்று தடவை சொன்னார்.

பில்லைக் கடைக்காரர் போட்டார். பொருள் தனி, மாட்டுக்கூலி எண்ணூறு. அதில் தனக்கு இருநூற்றைம்பது என்று உஸ்தாத் கணக்குச் சொல்வது போலச் சொன்னார், குறை சொல்வது போல அல்ல. கோபப்பட்டது நான்தான். கடைக்காரருக்கு அரம் பிடிக்கத் தெரியாது, ஒயரில் எது நெகட்டிவ் என்று தெரியாது. கண்ணாடிக் கதவும் கார்டு மிஷினும் தெரியும். திறமை நடைபாதையில், காசு கதவுக்குப் பின்னால். இந்த நாட்டில் எந்தத் தொழிலை எடுத்தாலும் கரண்ட் இப்படித்தான் நடுவில் வழிகிறது என்று பேசிக்கொண்டே போனேன். பேரம் பேசி அந்த எண்ணூறை அறுநூறாக்க முயன்றது நானேதான் என்பதை நண்பர் ஞாபகப்படுத்தினார்.

சாப்பாடு கொண்டுபோகும் பையன் ஒருவன் அந்தப் பக்கமாக வந்து நின்றான். அவன் ஹேண்டிலில் கிழிந்த ரெக்சின் உறை. கையுறைக்குள் பிரெட் பாக்கெட் பிளாஸ்டிக். விலை கேட்டான். சொன்னதும், மூன்று நாள் சம்பாத்தியம் என்று சிரித்துவிட்டு, சூடேறிய பிடியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு போனான்.

பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்றார் உஸ்தாத். அந்தச் சோதனை தேவையா என்று எனக்குச் சந்தேகம், கேட்கவில்லை. வலது பிடியை அவர் பிடித்துக்கொண்டார், இடதைச் சோட்டு. வலது பிளாஸ்டிக் மேல் இருப்பதால் சூட்டைக் காக்கும். இடது பிடியின் சூட்டை ஹேண்டில்பாரின் இரும்பு உறிஞ்சும். கடைக்குள்ளிருந்து அடுத்த வண்டிக்குக் கூப்பிட்டார்கள்.

"இரு உஸ்தாத், என் பக்கம் இன்னும் வரல" என்றான் சோட்டு.