காணாமல் போன வாஷர்



கோடை விடுமுறைக்குச் சங்ககிரியில் இருக்கும் மாமாவின் லாரிப் பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பழைய லாரி நின்றது. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், ஆனால் டர்போ கிடையாது. லோடு ஏற்றினால் தொப்பூர் கணவாயில் முக்கி முனகித்தான் ஏறுமாம். அதனால் ஓனர் டர்போ வைக்கச் சொல்லியிருந்தார்.

"டர்போன்னா என்னங் மாமா?" என்றேன். கையில் கொடுத்தார். இரண்டு நத்தை ஓடுகளை ஒட்டியது போல இருந்தது. உள்ளே ஒரே தண்டில் இரண்டு சக்கரம். சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். மற்றது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் டீசலும் கூடுதலாக எரியும், இழுவை கூடும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று கூடச் சுற்றுமாம்! இதற்கு 1905-லேயே சுவிஸ் நாட்டு எஞ்சினியர் ஆல்ஃபிரட் பூஷி காப்புரிமை வாங்கிவிட்டார்.

மாமா முதலில் டர்போவைத் தொடவே இல்லை. ஹெட்டைக் கழற்றி பிஸ்டன், ரிங் எல்லாம் பார்த்தார். புது கேஸ்கெட் போட்டார். பிரேக்கையும் சரிசெய்தார். "ஏறினா மட்டும் பத்துமா மாப்ள? எறங்க வேண்டாமா?" என்றார். டீசலைக் கண்டபடி கூட்டினால் பிஸ்டனே உருகிவிடும் என்றும் சொன்னார்.

மறுநாள் நட்டு, வாஷர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. தட்டில் எட்டு வாஷர் எண்ணி வைத்திருந்தார். ஏழு கொடுத்ததும் தட்டு காலி! திட்டுவாரோ என்று பயந்து, பழைய டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டேன். காற்றுக் குழாயின் வாயைத் துணியால் மூடி வைக்கச் சொல்லியிருந்தார். நானோ அந்தத் துணியில் கை துடைத்துக் கொண்டிருந்தேன்.

டர்போவுக்கு ஆயில் ஊற்றியாச்சு. டிரைவர் சாவியைத் தொட்டார். வாஷர் உள்ளே இருந்தால் சக்கரம் தூள் தூளாகும், எஞ்சினும் போகும். எனக்கு வயிறு கலங்கியது.

"நிறுத்துங் மாமா!" என்று கத்தி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரியே லோடு போக வேண்டிய வண்டி. ஓனர் முறைத்தார். மாமா ஒன்றும் பேசாமல் மறுபடி ஸ்பேனரை எடுத்தார். லைட் போடும் நேரம் வரை எல்லாக் குழாயையும் கழற்றிப் பார்த்தோம். உள்ளே இல்லை. கடைசியில் லாரிக்கு அடியில் கிடந்த சாக்கை உதறினால், அதில் இருந்து விழுந்தது!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வீணா கழட்ட வச்சுட்டேனுங்."

"உள்ள இல்லைன்னு தெரிஞ்சுதில்ல? அதுவும் வேலைதான் மாப்ள. ஆனா அடுத்த தடவை அப்பவே சொல்லோணும்."

இரவு ஒன்பது மணிக்கு வண்டி ஸ்டார்ட் ஆனது. ஒரு ரவுண்டு போய் வந்ததும் டிரைவர் அணைக்கப் போனார். மாமா தடுத்தார். டர்போ சூடாக இருக்கும்போது ஆயில் நின்றால் தண்டு கெட்டுவிடுமாம். இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைக்க வேண்டும்.

அந்த வாஷர் இப்போது என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் எங்கள் வகுப்புக்கு வாங்க.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்