பதினெட்டு மணி நேரம்

பூமியுருண்டையில் சிங்கப்பூரின் மீது ஒரு விரலையும் நியூயார்க்கின் மீது மறு விரலையும் வைத்துப் பாருங்கள். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையை ஒட்டியது. நியூயார்க் மேற்கு 74 பாகையை ஒட்டியது. கூட்டினால் 178. உலகைச் சரிபாதியாக்கும் 180 பாகைக்கு இரண்டே குறைவு. ஆகவே, ஒன்றில் நண்பகலென்றால் மற்றதில் ஏறத்தாழ நள்ளிரவு. இவ்விரு நகரங்களுக்கும் இடையேயுள்ள மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிச் செல்கிறது. அதன் நீளம் சுமார் 15,350 கிலோமீட்டர்.

ஆயினும் வானூர்திகள் எப்போதும் அவ்வழியே செல்வதில்லை. சிங்கப்பூரிலிருந்து புறப்படுவது, மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்றைத் துணைகொண்டு, பெரும்பாலும் பசிபிக் மாகடலின் மேலாகவே பறக்கிறது. தொலைவு கூடுகிறது, நேரம் குறைகிறது. இடையில் எங்கும் இறங்காத இச்சேவை 2004-இல் தொடங்கி, 2013-இல் நின்று, 2018-இல் மீண்டும் தொடங்கியது. பயணம் பதினெட்டு மணி நேரத்திற்குச் சற்று மேல்.

எங்கள் வாப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தவர்கள். கடலில் கழிந்த நாட்கள் ஏறக்குறைய ஒரு வாரம். ஊரில் அவர்களுடைய தாயார் மௌத்தான செய்தி, அடக்கம் முடிந்து பல நாட்களுக்குப் பிறகே கடிதத்தில் வந்தது. வாப்பா அழுதார்கள், பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா தொழுதார்கள், மறுநாள் கடையைத் திறந்தார்கள். போயிருக்கலாமே என்னும் ஏக்கத்திற்கு அங்கே இடமில்லை.

2023 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்கு என் மூத்த சகோதரர் சிங்கப்பூரில் இறையடி சேர்ந்தார்கள். அவர்களுடைய ஒரே மகன் இருந்தது நியூயார்க்கில். அங்கே அப்போது அதே திங்கள், காலை ஒன்பது. இரவு பத்தரை மணி விமானத்தில்தான் அவனுக்கு இடம் கிடைத்தது. அது புறப்படும் வேளையில் இங்கே செவ்வாய் காலை பத்தரை; வந்திறங்குவதோ புதன் விடியலில். செவ்வாய் லுஹருக்குப் பின் அடக்கம் என்று ஏற்பாடாகியிருந்தது. காத்திருக்கட்டுமா என்று தொலைபேசியில் கேட்டேன். நெடுநேரம் மௌனம்.

"மையித்தைக் காக்க வைக்க வேண்டாம், சாச்சா" என்றான்.

சுவா சூ காங் மையவாடியில் நாங்கள் மண் தள்ளியபோது அவன் வானத்தில் இருந்தான். எதிர் இருக்கையின் முதுகில் ஒளிர்ந்த திரையில், எஞ்சிய தொலைவைக் காட்டும் எண் குறைந்துகொண்டே வந்ததாம். அதைப் பார்க்கவும் இயலவில்லை, அணைக்கவும் மனம் வரவில்லை என்று பின்னர் சொன்னான்.

வாப்பாவிற்குத் தாயின் ஜனாஸா எட்டாத தொலைவில் இருந்தது. ஆகவே பொறுத்துக்கொள்ள முடிந்தது. மகனுக்கோ அது எட்டிவிடக்கூடிய தொலைவு. தவறியது பதினைந்து மணி நேரம்தான். அந்தப் பதினைந்து மணி நேரம் அவன் நெஞ்சை அறுத்ததுபோல், கப்பல் காலத்தின் மாதங்கள் யாரையும் அறுத்திருக்குமா என்பது ஐயமே. விரைவு நமக்கு நம்பிக்கையைத் தந்தது. அந்த நம்பிக்கைக்கு உரிய வேதனையையும் உடன் தந்தது.

புதன் காலை சாங்கியிலிருந்து நேரே கபுரடிக்குப் போனோம். ஈரம் காயாத மண்ணருகே நின்று அவன் தன் தந்தைக்காக ஜனாஸா தொழுதான்.