படத்தில் மட்டும் வாழும் வீடுகள்

கயிறு திரிக்கும் சிங்கம்புணரியைக் கடந்து, திருப்பத்தூர் வழியே செட்டிநாட்டினுள் நிழற்படக் கருவியுடன் சென்றோம். கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் நகரத்தார் எழுப்பிய மாளிகைகள் பர்மாத் தேக்கும், ஆத்தங்குடித் தளக்கற்களும், முட்டை வெண்கரு கலந்த சுண்ணப்பூச்சும் கொண்டு விளங்குபவை.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்த செல்வம் பெரிதும் கைவிட்டுப் போயிற்று. தலைமுறைகள் பெருக, ஒரே வீட்டிற்கு உரியோர் பலராயினர். பழுது பார்ப்போர் அரியராயினர். இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றமை சற்று ஆறுதல்.

சீனத்துப் பெய்ஜிங் நகரிலும் பழைய சந்துகள் இடிபடுமுன் அவற்றைப் பலர் படமெடுத்து வைத்தனர். ஆயினும், படம் தூணைக் காட்டுமேயன்றி, அத்தூணருகே மணக்கோலத்தில் நின்றவர் யாரெனக் கூறாது. ஆகவே, வீட்டு முதியோரிடம் பெயர்களைக் கேட்டுப் படத்தின் பின்புறம் எழுதி வைத்தல் வேண்டும்.

அன்பு வாசகர்களே! நம் பங்குக் குடும்பங்களிலும் பாட்டனார் வீடுகள் பாகப்பிரிவினைப் பூசலால் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் படமெடுத்து வைப்பது நன்று. உடன்பிறந்தோர் மனத்தாங்கலை மறந்து, அத்திண்ணையில் ஒருமுறை கூடி அமர்ந்து பேசுவது அதனினும் நன்று.