நடுப்பார்வை போனாலும்...

கண் பார்வை போய்விட்டது என்றால் முழு இருட்டு என்றே பலரும் நினைக்கிறார்கள். மாக்குலா சிதைவு நோயில் அப்படி நடப்பதில்லை. விழித்திரையின் நடுவில் உள்ள சிறிய பகுதிதான் மாக்குலா. எழுத்தைப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அதன் வேலை. வயதான காலத்தில் அது சிதைந்தால் நடுப்பார்வை மங்கும், ஓரப்பார்வை இருக்கும். எதிரில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது.

அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் (1887-1986) பூக்களை மிகப் பெரிதாக வரைந்து புகழ் பெற்றவர். எண்பது வயதுக்கு மேல் இந்த நோய் அவரைத் தாக்கியது. பிறர் உதவியின்றி அவர் தீட்டிய கடைசி எண்ணெய் வண்ண ஓவியம் 1972-ல் வந்தது. அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1973-ல் அவரிடம் வேலைக்கு வந்த ஜுவான் ஹாமில்டன் என்ற இளைஞரின் ஊக்கத்தால் களிமண்ணில் பாண்டங்கள் செய்யத் தொடங்கினார். கண் செய்த வேலையில் பாதியை விரல்கள் ஏற்றுக்கொண்டன. உதவியாளர்களுடன் ஓவியமும் தீட்டினார். 98 வயதுவரை வாழ்ந்தார்.

இந்நோயில் உலர் வகை, ஈர வகை என இரண்டு உண்டு. உலர் வகை மெதுவாக வளரும். ஈர வகையில் விழித்திரைக்கு அடியில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும். பார்வை வேகமாகக் குறையும். இதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து 2000-களில் வந்தது. ஓ'கீஃபுக்கு அது கிடைக்கவில்லை. இன்று கிடைத்தாலும், தாமதித்து வருபவருக்குப் பலன் குறைவு.

தாமதத்துக்கு ஒரு காரணம், ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் மறைத்துவிடுவது. அதனால் ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு கட்டம் போட்ட தாளைப் பார்க்க வேண்டும். நேர்கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, நடுவில் கறை போலத் தெரிந்தாலோ உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். புகைப்பவர்களுக்கு ஆபத்து அதிகம்.

பார்வை குறைந்தவர்கள் தலையைச் சற்றுத் திருப்பி ஓரக்கண்ணால் பார்க்கப் பழகலாம். நல்ல வெளிச்சம், உருப்பெருக்கி, பெரிய எழுத்து ஆகியவை உதவும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தாத்தா தடுமாறாமல் நடக்கிறார், ஆனால் பேரனின் முகம் தெரியவில்லை என்கிறார். கேட்பவர்களுக்கு அது நடிப்பாகத் தோன்றும். இரண்டும் உண்மைதான். அருகில் போகும்போது பேரன் தன் பெயரைச் சொன்னால் போதும், மீதியைக் குரலிலேயே அவர் கண்டுகொள்வார்.