வொஷருக்கும் தண்ணீர் வந்தது

கடந்த தவணை விஞ்ஞான தினத்துக்குத் தரம் 9 பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் ஒரு பெட்டி செய்தோம். நாங்கள் என்றால், விஞ்ஞானமும் வரலாறும் படிப்பிக்கும் இரண்டு பேர். வெற்றுப் போத்தல், கார்ட்போர்ட், ஒரு குச்சி, கொஞ்சம் றப்பர் குழாய். ஐந்து ரூபாக் குத்தி போட்டால் அரைக் கோப்பை தண்ணீர் வரும்.

யோசனை எங்களுடையது அல்ல. ஏறக்குறைய 2000 வருடங்களுக்கு முன் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோ என்ற அறிஞர் எழுதி வைத்தது. காசு ஒரு தட்டில் விழும். பாரத்தால் தட்டுச் சாயும். மறுமுனை உயர்ந்து அடைப்பைத் திறக்கும். காசு வழுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். கோயில் வாசலில் புனித நீர் கொடுப்பதற்காகச் சொன்ன பொறி அது.

இடைவேளைக்குப் பிறகு பெட்டியைத் திறந்தோம். குத்திகளுக்கு நடுவே ஏழு இரும்பு வொஷர்.

யாரென்று கண்டுபிடிக்க நேரம் எடுக்கவில்லை. "ஏன் மகன் இப்படிச் செய்தீங்க?" என்று கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "சேர், பெட்டி பாரத்தை மட்டும்தானே பார்க்குது."

விஞ்ஞானப்படி அவன் சொன்னது சரி. அதனால் தண்டனையை விட்டுவிட்டு, அடுத்த நாள் வகுப்பில் காசுப் பெட்டிகளின் கதையைச் சொன்னோம்.

1889 நவம்பர் 23. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு மதுக்கடை. லூயிஸ் கிளாஸ் என்பவர் எடிசனின் போனோகிராப் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார். அலுவலகங்களில் கடிதம் சொல்லிப் பதிய உதவும் என்றுதான் எடிசன் அதைப் பெரிதாக நம்பியிருந்தார். கிளாஸ் அதிலே காசுத் துளை பொருத்தினார். ஒலிபெருக்கி கிடையாது. நான்கு குழாய்கள்; ஐந்து சதம் போட்டவர் ஒன்றைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் அந்த ஒரு பெட்டி 1000 டொலருக்கு மேல் சம்பாதித்தது. மருத்துவர் காதில் மாட்டுவதைப் போன்ற குழாயில் பாட்டுக் கேட்பதை நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

இலாபம் வந்த இடத்துக்கு வொஷரும் வந்தது. காசளவில் வெட்டிய தகரம், ஈயம், நூல் கட்டி மேலே இழுத்தெடுக்கும் குத்தி, எல்லாம் வந்தன. அந்த நாட்டின் ஐந்து சதக் குத்தி செம்பும் நிக்கலும் கலந்தது, காந்தத்தில் ஒட்டாது. எனவே இரும்பைப் பிடிக்கக் காந்தம் வைத்தார்கள். 1906 இல் சிக்காகோவின் ஜோன் கேபல் செய்த பெட்டி 24 இசைத்தட்டுகளில் விரும்பியதைத் தெரிவு செய்து போட்டது. போலிக் குத்தியைப் பிடிக்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. 1927 இல் மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கும் பெட்டிகள் வந்தன. ஒருவர் காசு போட்டால் கடை முழுக்கக் கேட்டது.

பிறகு பொருளாதார மந்தம். 1927 இல் 10 கோடியளவில் விற்ற இசைத்தட்டுகள் 1932 இல் 60 இலட்சமளவுக்கு விழுந்தன. வீட்டுக்குத் தட்டு வாங்க முடியாதவர்கள் ஐந்து சதம் போட்டு ஒரு பாட்டுக் கேட்டார்கள். வானொலி பெரும்பாலும் ஒதுக்கிய கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகளும் இந்தப் பெட்டிகளில்தான் ஒலித்தன. 1946 இல் வேர்லிட்சர் நிறுவனம் வெளியிட்ட 1015 என்ற ஒரு மாதிரி மட்டும் 56,000 க்கு மேல் விற்றது. விழுந்த காசைப் பெட்டிக்காரரும் கடைக்காரரும் பங்குபோட்டுக் கொண்டார்கள்.

அப்போது வொஷர் போட்ட அதே பிள்ளை கையைத் தூக்கினான்.

"சேர், அப்ப பாட்டு எழுதினவருக்கு எவ்வளவு?"

சொன்னோம். 1909 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு தட்டுத் தயாரிக்கும்போதும் 2 சதம். அதற்குப் பிறகு அந்தப் பாட்டு மதுக்கடையில் ஆயிரம் தடவை பாடினாலும் ஒன்றுமில்லை. நுழைவுக் கட்டணம் வாங்காத இடத்தில் காசுப் பெட்டி பாடுவதை இலாபத்துக்கான பொது நிகழ்ச்சியாகவே கணக்கெடுப்பதில்லை என்று சட்டம் சொன்னது. 1978 வரை அப்படித்தான். அதன் பிறகும் தொடக்கத்தில் ஒரு பெட்டிக்கு வருடத்துக்கு 8 டொலர்தான். "தட்டைக் காசு கொடுத்துத்தானே வாங்கினோம், உங்கள் பாட்டுக்கு விளம்பரமும் எங்களால்தானே" என்பது பெட்டிக்காரர்களின் நியாயம்.

வகுப்பு அமைதியாக இருந்தது. எங்களுக்குத்தான் நெஞ்சுக்குள் ஏதோ இடித்தது.

ஆசிரியர் அறை அலுமாரியில் ஒரு மாதிரி வினாத்தாள் தொகுப்பு இருக்கிறது. பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் சொந்தக் காசில் அச்சடித்தது. விலை 400 ரூபா. மூன்று வருடங்களுக்கு முன் ஒன்று வாங்கினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் நாற்பது பிள்ளைகளுக்குப் போட்டோகொப்பி. போதாததற்கு வட்ஸ்அப் குழுவிலும் போட்டோம். "வசதியில்லாத பிள்ளைகளுக்குத்தானே", "ஒன்று காசு கொடுத்துத்தானே வாங்கினோம்", "அவருடைய பெயரும் பரவுதுதானே" என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். பெட்டிக்காரர்கள் சொன்னதுதான்.

ஏழு வொஷருக்கு ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவர்கள் நாங்கள்.

அன்று பின்னேரமே அவருக்கு அழைப்பெடுத்து உள்ளதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பிள்ளைகள் பாஸாகினாங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான், அச்சுக் கூலியில் பாதி இன்னும் கட்டி முடியவில்லை என்றார். பழையதற்குக் காசு வேண்டாமாம். இந்த வருடம் நாற்பது புத்தகம் எடுத்தால் பாதி விலைக்குத் தருவாராம். அந்த 8000 ரூபாவை ஆசிரியர்கள் சேர்த்துக் கட்டினோம். குழுவில் போட்ட கோப்பையும் அழித்தோம். பதிவிறக்கியவர்களின் போன்களில் இருப்பதை எங்களால் அழிக்க முடியவில்லை.

வகுப்பில் இதையும் சொன்னோம். மறைத்திருந்தால் முதல் நாள் பாடத்துக்கு அர்த்தமிருந்திருக்காது.

மறுநாள் அந்தப் பிள்ளை 35 ரூபா கொண்டுவந்து தந்தான். கூடவே வொஷர்களையும் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டான். "ஏன் மகன்?"

"வாப்பாட சைக்கிள் கடையில கேட்காம எடுத்தது சேர்."

ஏழையும் எண்ணிக் கொடுத்தோம்.